பொத்தான் தள்ளி வைத்த கோட்டு

எங்கள் படுக்கையறை மூலையில் ஒரு கோட்டு நிற்கிறது. தொங்கவில்லை, நிற்கிறது. தடித்த கான்வாஸையும் தோலையும் சேர்த்துத் தைத்தது என்பதால் கீழே வைத்தால் ஆளில்லாமல் தானாகவே நிற்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அறையைப் பெருக்க வந்த என் மாமியார், கதவுக்குப் பின்னால் யாரோ ஒளிந்து நிற்கிறார்கள் என்று நினைத்துத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

"சட்டைன்னா மடக்கி வைக்கணும் மக்களே. இது சட்டையா? பலகையாக்கும்."

நான் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவள். பத்து மீட்டர் ஏர் ரைபிள். காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி, சின்ன ஈயக்குண்டு, கறுப்பு வட்டம் போட்ட அட்டை, அவ்வளவுதான். மாநில அணியில் இருந்திருக்கிறேன், தேசியப் போட்டிகளுக்குப் போயிருக்கிறேன், அதன் பேரில் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் பாறசாலைப் பக்கத்து எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். பன்றி சுடுவாயா என்று கேட்பார்கள். போலீஸில் சேரப் போகிறாயா என்று கேட்பார்கள். பஸ்ஸில் நீளப் பெட்டியோடு ஏறினால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டு வரை எல்லோருக்கும் உள்ளே என்ன என்று தெரிந்தாக வேண்டும். ஒரு கட்டத்தில் 'கீபோர்டு' என்று சொல்ல ஆரம்பித்தேன். சபைக்குப் போகிற குடும்பம் என்பதால் உடனே நம்பினார்கள். கொல்லயில் ஸ்டாப்பில் ஏறிய ஓர் அம்மா, தங்கள் சபைக் கன்வென்ஷனுக்கு வந்து வாசிக்க வேண்டும் என்று என் போன் நம்பரே வாங்கிக்கொண்டு போனார்.

துப்பாக்கியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பாதிக் காரியம் கோட்டில் இருக்கிறது என்பது சுடுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து கிலோவுக்குப் பக்கமுள்ள துப்பாக்கியை ஏந்தி, இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு போட்டி முழுக்க அப்படித்தான். வெறும் உடம்பால் அது முடியாது. கோட்டு முதுகைப் பிடித்துக்கொள்ளும். மூச்சின் அசைவையும் நாடித் துடிப்பையும் துப்பாக்கிக்குப் போகவிடாமல் குறைத்துவிடும். எங்கள் கோச் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி. நாங்கள் சார் என்று கூப்பிடுவோம். அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் 'அனங்ஙருது'. அசையக் கூடாது. பள்ளிக்கூட நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அசையாமல் இருப்பதுதான் என் தொழில் என்று சொன்னாலும் தப்பில்லை.

கோட்டின் முன்பக்கம் ஐந்து உலோகப் பொத்தான்கள் உண்டு. நூலால் தைத்தவை அல்ல, திருகாணி வைத்தவை. ஒவ்வொரு பொத்தானுக்கும் வரிசையாகச் சில துளைகள் இருக்கும். உடம்பு பெருத்தால் திருகைக் கழற்றி வெளித்துளைக்கு மாற்றலாம், இளைத்தால் உள்ளே கொண்டுவரலாம். கோட்டு உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், ஆனால் இறுக்கிக் கட்டியது போல் இருக்கக் கூடாது. அதற்கு விதி உண்டு. விறைப்புக்கும் விதி உண்டு. போட்டிக்கு முன் கோட்டைப் பரிசோதனை மேசையில் விரித்து ஒரு கருவியை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். துணி போதிய அளவு அமுங்க வேண்டும். அமுங்காத கோட்டைப் போட்டுக்கொண்டு சுட விடமாட்டார்கள்.

கல்யாணமாகி வருடங்கள் போயும் எங்களுக்குக் குழந்தை இல்லை. துப்பாக்கியும் கோட்டுமாகத் திரிந்தால் எப்படி உண்டாகும் என்று என் காதுபடவே பேசியவர்கள் உண்டு. மாமி அப்படிப் பேசியதில்லை. மாமியாரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் இறந்தபிறகு இருக்கிற கொஞ்சம் ரப்பரையும் தென்னையையும் தனியாகவே பார்த்துக்கொண்டவர், சபையின் மாதர் சங்கத்தில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்குகிறவர். எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும். இப்படி இரண்டு பேர் இருக்கிற வீட்டில் என் கணவர் எப்படி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார் என்று நானே ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

கடைசியில் ஒரு நாள், உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்தது. மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், ஜெபம் செய்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"இனி அந்தக் கோட்டெ என்ன செய்யப் போற?"

மாநிலப் போட்டி அந்த வருடம் மழைக்காலத்தில் இருந்தது. கணக்குப் பார்த்தால் எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். சுட முடியும் என்று நான் சொன்னேன். வயிற்றுப் பிள்ளையோடு பெரிய பெரிய போட்டிகளில் சுட்ட பெண்கள் உண்டு என்றும் சொன்னேன். மாமி நம்பவில்லை. நெய்யாற்றின்கரையில் நான் காட்டிக்கொண்டிருந்த லேடி டாக்டரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். கேட்பதென்றால் வாயால் கேட்பதில்லை. கோட்டையே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். வெளியே காத்திருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் எங்கள் மூன்று பேரையும், அதாவது மாமியையும் என்னையும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோட்டையும், பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"தொட்டுப் பாருங்க டாக்டர். இதெப் போட்டா கொச்சுக்கு மூச்சு முட்டாதா?"

டாக்டர் சிரிக்காமல் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பொத்தான்களைப் பார்த்தார். வயிறு வளர வளர இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வரவேண்டும், எங்கேயும் இறுகக் கூடாது, ஈயக்குண்டை எடுக்கும்போது கையுறை போடவேண்டும், சோர்வாக இருந்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார். வேறு தடை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமி என்னிடமிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அதன்பிறகு பொத்தான் அவர் பொறுப்பாகிவிட்டது.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் தகரம் போட்ட நீளமான சாய்ப்பு ஒன்று உண்டு. தேங்காயும் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளை மெஷினும் கிடக்கும் இடம். அதன் நீளம் பத்து மீட்டருக்குத் தாராளமாக வரும். ஒரு கோடியில் குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டியை வைத்து, அதில் அட்டையைச் செருகி, மறுகோடியில் நின்று சுடுவேன். ரேஞ்சுக்குப் போகாத நாட்களில் அங்கேதான் பயிற்சி. கோட்டுக்குச் சேர்ந்த விறைத்த கால்சட்டை ஒன்று உண்டு. அதை நாலாம் மாதமே விட்டுவிட்டேன், இடுப்பில் ஏறவில்லை. கோட்டை மட்டும் போடுவேன். விறைத்த கோட்டுக்குள் குனிந்து கீழ்ப் பொத்தானைப் போட முடியாது. மாமி சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவார். போட்டு முடித்ததும் கோட்டுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பார். கை தாராளமாகப் போக வேண்டும். போகாவிட்டால் ஐந்து பொத்தானையும் கழற்றி அடுத்த துளைக்கு மாற்றாமல் விடமாட்டார்.

"எனக்க கை போவணும். போனா மதி. பிறவு நீ வெடி வச்சுக்கோ."

உள்ளே போன கையை உடனே எடுக்கவும் மாட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார். நான் துப்பாக்கியோடு காத்திருப்பேன். அவர் முகம் அப்போது மாதர் சங்கத்தில் யாரும் பார்த்திராத முகமாக இருக்கும்.

மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், அலமாரிக்குள் வேதப்புத்தகமே பூத்துப்போகும். கோட்டின் தோல் பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரம், நான் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிறேன், மூலையில் கோட்டைக் காணோம். மாமி அதைப் புகைப்புரையில் போட்டிருந்தார். ரப்பர் ஷீட்டை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் எரித்துப் புகையில் உலர்த்துகிற சின்ன அறை அது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எது ஈரமாக இருந்தாலும் அங்கேதான் போகும். துணி, விறகு, பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ எல்லாம். மஞ்சள் நிற ஷீட்டுகளுக்கு நடுவில் என் கோட்டு கையை விரித்துக்கொண்டு தொங்கியது.

"பூப்பு உனக்க மூக்கில போனா கொச்சுக்கு ஆவாது. இப்ப பாரு, சுத்தமா போச்சு."

பூஞ்சை போயிருந்தது உண்மை. கூடவே தோலிலிருந்த கடைசி ஈரமும் போயிருந்தது. ஏற்கெனவே பலகை, இப்போது கல். நான் கத்தினேன். இது ரப்பர் ஷீட்டா, உங்களுக்கு என்ன தெரியும் என்று ஏதேதோ சொன்னேன். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிற மாமி, அன்று போய்ப் புகைப்புரைக் கதவைச் சாத்தினார்.

போட்டி நாளன்று திருவனந்தபுரத்தில் பரிசோதனை மேசையில் கோட்டை வைத்தார்கள். கருவி இறங்கவில்லை. அதிகாரியாக இருந்த பெண்மணி குனிந்து முகர்ந்துவிட்டு, இது என்ன வாசனை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு, சரிசெய்து இன்னொரு முறை கொண்டுவரலாம் என்றார். மரத்தடியில் உட்கார்ந்து நானும் கணவரும் கோட்டைப் பிசைந்தோம். புரோட்டாக் கடையில்கூட அப்படிப் பிசைந்திருக்க மாட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நடந்தார். நடுநடுவே மாமி போன் செய்துகொண்டிருந்தார். மாதர் சங்கத்தைக் கூட்டி ஜெபம் நடக்கிறது என்றார். எதற்காக ஜெபிக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்குச் சரியாகப் புரிந்திருக்குமா தெரியவில்லை. இரண்டாம் முறை கோட்டு அமுங்கியது. வயிற்றின் மேல் போடச்சொல்லி, இரண்டு பக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று இழுத்து அளந்தார் அந்தப் பெண்மணி. அவ்வளவு மெதுவாக இழுத்தார், அளவு சரியாக வந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம். பதக்கம் கிடைக்கவில்லை, அணியில் இடம் கிடைத்தது. போனில் சொன்னபோது மாமி முதலில் கேட்டது வேறு.

"இப்ப விறைப்பு போச்சா மக்களே? வயித்தில குத்தலையே?"

போச்சு மாமி என்றேன். நான் கத்தியதை அதற்குள் மறந்தும் விட்டேன்.

குழந்தை பலமாக உதைக்க ஆரம்பித்தது அதன்பிறகுதான். வயிறு பெரிதானதும் இடது முழங்கை எலும்பில் உட்காராமல் வயிற்றின் பக்கவாட்டில் உட்கார்ந்தது. நான் குறிபார்த்து மூச்சை அடக்கும் நேரம் பார்த்து உள்ளிருந்து ஓர் உதை வரும். துப்பாக்கி முனை எகிறும். அப்படியே இறக்கிவிட்டு, உதைத்து முடிக்கட்டும் என்று காத்திருந்து மறுபடியும் ஏந்துவேன். ஒரு நாள் விசையை அழுத்திய அதே கணத்தில் உதைத்தது. அட்டையை எடுத்துப் பார்த்தால் ஏழாம் வட்டத்தில் ஓட்டை. எத்தனையோ வருடமாக நான் ஏழு சுட்டதில்லை. நடுப்புள்ளிதான் பத்து, அதற்குள் நிற்பதற்கே எங்களுக்குள் அடிதடி. ஏழு என்றால் மானக்கேடு.

"இது நான் சுட்டதில்ல மாமி" என்றேன்.

மாமி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "பின்ன? எனக்க கொச்சு சுட்டதாக்கும்" என்றார். அன்றைக்கே அதை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். பால் கொண்டுவருகிறவரிலிருந்து பாஸ்டர் வரை எல்லோருக்கும் அதைக் காட்டினார். துப்பாக்கி சுடும் வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளை முதல் குண்டிலேயே ஏழு எடுத்துவிட்டது என்று பெருமை.

எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் வயிறு காணல் என்று ஒன்று உண்டு. இந்துக்கள் வீட்டிலும் கிறிஸ்தவர்கள் வீட்டிலும் நடப்பதுதான். பெண்ணின் பிறந்த வீட்டார் பலகாரங்களோடு வந்து, பெண்ணின் வயிற்றைக் கண்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் பலகாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கொல்லயிலில் இருக்கும் என் பிறந்த வீட்டில் அம்மா நாள் குறித்து, பயறு வறுத்து, சர்க்கரை காய்ச்சி, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டு டின் டின்னாக அடைத்து வைத்தாள். அந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆராதனைக்குப் போனோம். பாட்டு ஆரம்பித்தால் குழந்தை உள்ளே ஒரு புரளு புரளும், அது வழக்கம். அன்று முதல் பாட்டு முடிந்தது, இரண்டாம் பாட்டும் முடிந்தது, ஒன்றும் இல்லை. நான் மாமியின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே வந்தோம்.

டாக்டர் கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். அதன்பிறகு நடந்ததை நான் விரிவாக எழுத விரும்பவில்லை. பெண் குழந்தை. உயிரில்லாமல்தான் பெற்றேன். தொப்புள்கொடியில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது, குழந்தை புரளும்போது எப்போதோ விழுந்து, பிறகு இறுகியிருக்கிறது. யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது, யார் செய்ததும் இல்லை என்று டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பெயர் வைக்கவில்லை. என் கணவர் துணியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு போனார். சபைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். நான் அவளைச் சரியாகத் தூக்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியும் என் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்கதவு சாத்தாமல் கிடந்தது. மாமி தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"அந்தக் கோட்டு..."

அதற்கு மேல் சொல்லாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். போதும், எனக்கு மீதி புரிந்துவிட்டது. டாக்டர் சொன்ன முடிச்சையெல்லாம் அந்த ஒரு வார்த்தை அழித்துப்போட்டது.

பலகார டின்கள் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. கொல்லயில் வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு அம்மாவால் இருக்க முடியவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது? கொட்டவும் யாருக்கும் மனம் வரவில்லை. முந்திரிக்கொத்து சீக்கிரம் கெடாது. ஒரு சாயங்காலம் என் கணவர் டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துச் சாயாவோடு தின்றார். மறுநாள் மாமி எடுத்தார், பிறகு நான். அப்படியே பல வாரங்கள், சாயா நேரத்தில் யாரும் யாரையும் பார்க்காமல், என் மகளுக்காகச் சுட்ட பலகாரத்தை நாங்கள் மூன்று பேரும் தின்று தீர்த்தோம். கடைசி டின் காலியானதும் மாமி அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்றுதான் எனக்கு நிஜமாகவே எல்லாம் முடிந்துபோனது போல் இருந்தது.

அலுவலகத்தில் திரும்பச் சேர்ந்தேன். அணியில் இடம் பெற்றவள் என்பதால் பயிற்சிக்கும் போயாக வேண்டும். கோட்டை எடுத்துப் போட்டேன். கடைசியாக மாமி வைத்த துளையிலேயே பொத்தான்கள் இருந்தன. வயிறு இல்லாத உடம்பில் கோட்டு தொளதொளவென்று நின்றது. சுட்டால் குண்டு வட்டமெல்லாம் சிதறியது. சார் சுற்றிவந்து பார்த்தார்.

"மோளே, கோட்டு லூஸாணல்லோ."

பிறகு மாற்றுகிறேன் சார் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். மாதங்கள் ஓடின. மதிப்பெண் இறங்கிக்கொண்டே போனது. இப்படிப் போனால் அணியில் இருக்கமாட்டாய் என்று சார் சத்தம் போட்டார். அவருக்கு என் வீட்டு விஷயம் தெரியும். அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு நிமிட வேலை அது. என்னால் முடியவில்லை. ஸ்கேன் படத்தில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. போட்டோ எடுக்கவில்லை. அவள் இவ்வளவு இருந்தாள், இங்கேயிருந்து இங்கே வரை வளர்ந்தாள் என்று காட்ட அந்தத் துளைகளை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் அந்தக் கோட்டை வெட்டி அடுப்பில் போடவேண்டும் போலவும் இருந்தது. அதுதான் கொன்றது என்று மாமி நினைக்கிறாரே. அதைப் போட்டவள் நான்தானே. வீட்டில் மாமியும் நானும் குழம்பைப் பற்றியும் ரப்பர் வெட்டுகிறவர் வராததைப் பற்றியும் மட்டும் பேசினோம். பிரிட்ஜ் கதவில் அந்த அட்டை அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் போய், மழை விட்டு, வெயில் காய ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை. நான் சாய்ப்பில் தொளதொளத்த கோட்டோடு நின்று சுட்டுச் சுட்டு எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன். மாமி வந்து நின்றார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"பொத்தான மாத்தி வைக்கட்டா மக்களே?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "எதுக்கு? இந்தக் கோட்டுதான் பிள்ளைய கொன்னுது, பின்ன அத எதுக்கு நேராக்கணும்? நீங்க தானே ஆஸ்பத்திரியில வச்சு சொன்னிய? எனக்குக் கேக்கலைன்னு நினைச்சியளா? நான் போட்டேன், நான் கொன்னேன். அப்படித்தானே?"

மாமி உருளை மெஷினின் திண்டில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னையா? நான் உன்னைச் சொன்னேன்னா நினைச்ச?" என்றார். "எனக்க கர்த்தாவே. நான் என்னையாக்கும் சொன்னேன். புகப்புரையில கொண்டு போட்டு விறைக்க வச்சது ஆரு? நான்தானே. நீயும் அவனும் போட்டு மிதிச்சு மிதிச்சு சரியாக்கினிய. ஆனாலும் எனக்க உள்ளுக்குள்ள... எங்கயாவது ஒரு இடத்தில விறைப்பு பாக்கி நின்னிருக்கும், அது கொச்ச அமுக்கியிருக்கும்னு."

நான் துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

"டாக்டர்கிட்ட ரெண்டு மூணு தடவ பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். உனக்குத் தெரியாது. அவ ஒவ்வொரு தடவையும் பேப்பர்ல முடிச்சு வரைஞ்சு காட்டுவா. கோட்டு இல்லம்மா, கோட்டு இல்லம்மான்னு சொல்லுவா. அங்க இருக்கும்போ நம்புவேன். பஸ் பாறசாலை வாறதுக்குள்ள நம்பிக்கை போயிரும்."

இத்தனை மாதம் ஒரே வீட்டில், ஒரே டின்னிலிருந்து தின்றுகொண்டு, ஆளுக்கொரு பக்கம் இதே பாரத்தைச் சுமந்திருக்கிறோம். நான் துப்பாக்கியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார முயன்றேன். கோட்டு மடங்கவிடவில்லை. பாதியில் சாய்ந்து அவர் மடியில் விழுந்தேன். மாமி என் தலையைப் பிடித்துக்கொண்டார். முடிச்சுதான் மாமி, முடிச்சுதான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொன்னேனா தெரியவில்லை. இருவரும் சத்தம் போட்டே அழுதோம். வேலிக்கு அப்பால் யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அழுது ஓய்ந்தபிறகு நானே எழுந்து நின்றேன்.

"மாத்துங்க மாமி" என்றேன்.

மாமி முன்பு போலவே சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டார். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, ஒவ்வொரு துளையாகப் பின்னால் கொண்டுவந்தார். தள்ளிப் போடும்போது இடையில் எத்தனையோ நாள் இருந்தது, திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஐந்தாவது பொத்தானை முறுக்கிவிட்டு, கோட்டை என் மேல் மூடிப் போட்டுவிட்டார். பிறகு பழக்கத்தில், கோட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைக்கப் போனார்.

கை போகவில்லை. விரல் நுனி மட்டும் விளிம்பில் தட்டி நின்றது. மாமி அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு தரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒதுங்கி நின்றார்.

நான் துப்பாக்கியை ஏந்தினேன். கோட்டு முதுகைப் பிடித்தது. முழங்கை தேடாமலே இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. கறுப்பு வட்டம் குறிபார்க்கும் வளையத்துக்குள் வந்து நின்றது. சுட வேண்டிய நேரம் வந்தும் நான் சுடவில்லை, எதற்கோ காத்திருந்தேன். எதற்கென்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே விளங்கியது. அந்த உதைக்காகக் காத்திருந்தேன். அது வந்து அடங்கியபிறகு சுடுவதுதான் என் உடம்புக்குப் பழகியிருந்தது. ஒன்றும் வரவில்லை. எனக்குள் எதுவும் அசையவில்லை. இவ்வளவு வருடமாக எந்த நிலைக்காகப் பயிற்சி செய்தேனோ, அதில் நின்றேன். விசையை அழுத்தினேன்.

மாமி நடந்து போய் அட்டையை எடுத்து வந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்க மாமி?" என்றேன்.

"நடுவில" என்றார்.

வட்டத்தின் நடுப்புள்ளியே இல்லாமல் போயிருந்தது. சார் பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். மாமி அதை பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோகவில்லை, தேங்காய்க் குவியலின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கோட்டோடு அங்கேயே நின்றேன். எனக்கு அந்தப் பத்து வேண்டாம், ஓர் ஏழு போதும் என்று இருந்தது.